தும்மாத பெயர்

ஷிமானே, ஜப்பான்
21 ஏப்ரல் 1996

நாலு மாதம் மூத்த அக்கா ஜெப்துமுக்கு,

உறையைப் பார்த்துத் தபால்காரர் தலையைச் சொறிந்திருப்பார். அனுப்புநர் ஜெப்தும், பெறுநரும் ஜெப்தும். வேறு வழியில்லை. விடுதிக் கடிதங்களைத் தலைமை மாணவிதான் தபாலில் சேர்க்கிறாள். இங்கே எல்லாருக்கும் நான் ஜெப்தும் தப்சுபெய். பெட்டியில், காலணியில், சோற்றுக் கிண்ணத்தின் அடியில்கூட அந்தப் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது நான் உன்னைத் தேடித் திரும்பிப் பார்க்கிறேன். கொஞ்சம் மந்தமான பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் கிளம்பிய அன்று நீ பேருந்துக்கு வரவில்லை. உன் அம்மா வந்தார். சுரைக்குடுக்கை நிறைய முர்சிக் கொண்டுவந்து, "குடிச்சிட்டுப் போடி, அங்க வெறும் மீனத்தான் போடுவானுங்களாம்" என்றார். அந்தப் புளித்த பாலை நின்றபடியே குடித்தேன். பெரியம்மாவுக்கே கோபம் இல்லாதபோது உனக்கு என்ன?

நான் திருடவில்லை ஜெப்தும். தேர்வு ஓட்டத்தில் உன்னைப் பதினோரு விநாடி முந்தினேன், அது நேர்மையான ஓட்டம். பிறகுதான், பள்ளி அணிக்கு ஆள் எடுக்க வந்த ஜப்பான்காரர் பத்து நாளில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். எனக்கு ஏது? நீ ஊரே சடங்கில் இருந்தபோது மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தாய், அதனால் ஜெப்தும், உனக்குக் காகிதம் உண்டு. நான் சந்தையிலிருந்து வரும் வழியில் மழையில் பிறந்தவள். அதனால்தானே எனக்கு மழையின் பெயர், ஜெரோப். அப்பா உன் காகிதத்தை எடுத்து நீட்டினார். "அம்மா ரெண்டானாலும் ரெண்டும் என் பொண்ணுங்கதான், எது போனா என்ன" என்றார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. குற்றம் என்றால் அதுதான் என் குற்றம்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் ஜெரோப்
(உள்ளே மட்டும்)


கப்செரோன்
9 ஜூன் 1996

என் பெயரை உடுத்திக்கொண்டிருப்பவளுக்கு,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

பதினோரு விநாடியைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. ஒரே வருடத்தில் நான் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தேன், ஒன்பது கிலோ ஏறினேன். என் கால் எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாத நாட்கள் அவை. நீ அப்போதும் முருங்கைக்குச்சி மாதிரி இருந்தாய். ஜெயித்தாய். விமான இருக்கை உன்னுடையது.

காகிதம் உன்னுடையதல்ல. நான் பிறந்த நாலாம் நாள் கிழவிகள் சுற்றி உட்கார்ந்து, செத்துப்போன மூத்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். தப்சுபெய் என்றதும் தும்மினேன். அந்தப் பெயர் என்னைக் கேட்டு வந்தது. உன் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்த பெயரெல்லாம் தீர்ந்தும் நீ கல் மாதிரி கிடந்தாய். கடைசியில் மூக்குப்பொடியைக் காட்டி, தபுதானி என்று கத்தினார்கள், தும்மினாய். என் பெயருக்கு நீ தும்மவேயில்லை. பின் எப்படி அதைப் போட்டுக்கொண்டு சோறு தின்கிறாய்?

இங்கே நிலவரம் இது. மாவட்ட ஓட்டத்தில் ஒன்பதாவது வந்தேன். பயிற்சியாளர், "இடுப்பு வந்துடுச்சு, இனி எங்க ஓடப்போற, தையல் வகுப்புல சேரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். முகாமிலிருந்து எடுத்துவிட்டார். நான் காலை ஐந்தரைக்கு எழுந்து தனியாக ஓடுகிறேன். பள்ளத்தாக்கு விளிம்பு வரை போய்த் திரும்புகிறேன். நிறுத்தப்போவதில்லை. அதை உனக்குத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

ஜெப்தும் தப்சுபெய்
(உள்ளேயும் வெளியேயும்)


ஷிமானே
16 மார்ச் 1997

நாலு மாதத்து அக்காவுக்கு,

ஒன்பது மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. பலமுறை தொடங்கினேன், எல்லாம் நடிப்பு மாதிரி இருந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். சாலைத் தொடரோட்டத்தில் என் பங்கில் நான்தான் வேகம். இங்கே கோல் கொடுப்பதில்லை, தோளில் ஒரு துணிப்பட்டையை மாட்டி விடுவார்கள். அடுத்தவள் மிசாகி என்ற பெண். வியர்வையோடு அதை அவளுக்கு மாட்டியபோது அவள் அழுதுகொண்டே ஓடினாள். எங்கள் அணி மாகாணத்தில் இரண்டாவது. பள்ளி வாசலில் உன் பெயரைத் துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். அதன் கீழே நடந்துபோக எனக்குக் கூசியது.

இப்போது இங்கே தேவதாரு மரங்கள் மகரந்தம் கொட்டும் காலம். ஊரே தும்முகிறது. பேருந்து ஓட்டுநர் தும்முகிறார், கணக்கு வாத்தியார் தும்முகிறார், எங்கள் பயிற்சியாளர் ஒகுமுரா ஐயா கடிகாரத்தை அமுக்கிக்கொண்டே தும்முகிறார். எல்லாரும் முகமூடி. நான் மட்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல் திரிகிறேன். ஆப்பிரிக்க மூக்கு பலமானது என்கிறார்கள். நீ எழுதியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

நீ இன்னும் ஓடுகிறாயா?

ஜெ.


கப்செரோன்
25 ஜனவரி 1998

ஜெரோப்,

ஓடுகிறேன். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. உன் மேல் கோபம் அப்படியே இருக்கிறது, ஆனால் இதைச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை.

எல்டொரெட்டில் பல்கலைக்கழகத்து ஆட்கள் நம் இருபது பேரையும் நகரும் பட்டை இயந்திரத்தின் மேல் ஓடவிட்டு, முகத்தில் குழாய் மாட்டி மூச்சைப் பிடித்தார்களே, நினைவிருக்கிறதா? நான் பதினான்காம் எண், நீ பதினைந்து. இந்த மாதம் மூன்றாம் முறையாக வந்தார்கள். முகாமிலிருந்து கழித்துவிட்டவள் எதற்கு என்று போகாமல் இருந்தேன். அளவெடுக்கும் அத்தியேனோ அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "ஜெயிக்கிறவள மட்டும் அளந்தா அது அளவாடி? வா, ஏறு" என்றார்.

எல்லாரும் ஒரே வேகம், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு கிலோ உடம்பை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்ப்பார்கள். எனக்குப் பதிமூன்று வயதில் 226. பதினைந்தில், அந்தத் தேர்வு ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, 215. இப்போது 203.

நான் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று பார்த்தேன். ஊரெல்லாம் வீணாய்ப்போனவள் என்று சொல்கிற இந்த இரண்டு வருடத்தில் என் உடம்பு சிக்கனம் கற்றுக்கொண்டிருக்கிறது. பதிமூன்று வயதில் பறந்தேன் என்கிறார்களே, அப்போதுதான் மூச்சை வாரி இறைத்திருக்கிறேன். குட்டைக் கால், அதே தூரத்துக்கு அத்தனை அடிகள். இப்போது கால் நீளம், குதிகால் நரம்பு விறைப்பு, விழும் அடியிலேயே பாதி திரும்பக் கிடைக்கிறது.

பின் ஏன் தோற்றேன் என்று கேட்டேன். ஏறிய எடைக்கு ஏற்றபடி உள்ளே இழுக்கும் மூச்சு கூடவில்லை, அதனால்தான் என்றார். அதைப் பயிற்சியால் கூட்டலாம். "சிக்கனம் மட்டும் வளந்தாத்தான் வரும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் வரும். அவசரப்பட்டுச் சாகாத" என்றார்.

மூவாயிரம் மீட்டரில் பத்து நிமிடம் ஐந்து விநாடி. போன வருடத்தைவிட முப்பத்தைந்து விநாடி குறைவு. தையல் வகுப்பில் சேரவில்லை.

ஜெப்தும்


ஷிமானே
14 ஜூன் 1998

ஜெப்தும்,

இதைக் கழிவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அறையில் மிசாகி இருக்கிறாள்.

எனக்கும் அந்த வளர்ச்சி வந்துவிட்டது. போன வருடம் தொடங்கியது. எட்டு சென்டிமீட்டர். மார்பு, இடுப்பு எல்லாம். தினமும் காலையில் தராசில் ஏறி நோட்டில் எழுத வேண்டும். ஒகுமுரா ஐயா ஒன்றும் சொல்வதில்லை, நோட்டைப் பார்த்துவிட்டு மூடுவார். அந்த மூடும் சத்தம் போதும் எனக்கு. இவர்கள் கூட்டிவந்தது நாற்பத்தொரு கிலோ பெண்ணை. நான் ஏற்கெனவே பெயரில் பொய். எடையிலும் பொய்யானால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

அதனால் சோற்றைப் பாதியாக்கினேன். பிறகு அதிலும் பாதி. எட்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. நிம்மதி என்றுதான் நினைத்தேன். மே மாதம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விட்டது. இப்போது ஓடவில்லை, தராசில் மட்டும் ஏறுகிறேன்.

நீ எழுதிய 203-ஐப் பத்துத் தடவை படித்தேன். அது உன் உடம்பு. என் உடம்பும் அப்படித்தான் செய்யும் என்று யார் சொன்னது?

ஜெ.


கப்செரோன்
1 ஜூலை 1998

அடி கழுதை,

உன் கடிதம் இன்று காலை வந்தது, இன்றே பதில் எழுதுகிறேன். மாலை ஓட்டத்தைக்கூட விட்டுவிட்டேன், இந்த வருடத்தில் முதல் தடவையாக.

எல்டொரெட்டுக்குப் போய் அத்தியேனோ அம்மாவிடம் பதினைந்தாம் எண்ணின் தாளைக் கேட்டேன். உன் பதிமூன்றில் 224. ஜப்பான் கிளம்பும் முன் 221. பார்த்தாயா? உன்னை ஏற்றிக்கொண்டு போன அன்று நீ என்னைவிட ஊதாரி. நான் 215, நீ 221. நீ ஜெயித்தது சின்னப் பிள்ளை உடம்பால். அதை அப்படியே பிடித்துவைக்கத்தான் இப்போது பட்டினி கிடக்கிறாய். அந்த உடம்புக்குப் பெரியவளாக ஓடத் தெரியாது. அது கற்றுக்கொள்ள வளர வேண்டும், வளரச் சோறு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மாதவிலக்கு நின்றதைச் சொன்னபோது அத்தியேனோ அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவளச் சாப்பிடச் சொல்லு. எலும்பு கீறினது ஓடினதால இல்ல, பசியால" என்றார்.

என் எடை ஐம்பத்துநான்கு. எழுத எனக்கு வெட்கமில்லை. தட்டு நிறைய உகாலிக் களி, கீரை, வாரம் இரண்டு நாள் கறி. நீ சாப்பிடு. என் பெயரில் இருந்துகொண்டு எலும்பும் தோலுமாகச் செத்துவிடாதே, கல்லறையிலும் என் பெயரைத்தான் வெட்டுவார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஜெரோப். சாப்பிட்டேன் என்று எழுது.

ஜெப்தும்


ஷிமானே
20 டிசம்பர் 1998

நாலு மாதத்து அக்காவுக்கு,

சாப்பிட்டேன். முதல் மாதம் அழுதுகொண்டே சாப்பிட்டேன். நோட்டில் நாற்பத்தொன்பது என்று எழுதிய அன்று ஒகுமுரா ஐயா வழக்கம்போல மூடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கால் வலி போச்சா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை நாள் அவர் பயந்துகொண்டிருந்தது என் எடை ஏறுவதற்கு அல்ல போலிருக்கிறது. கேட்டிருக்கலாம். நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, கேட்டால் என்னைப் பற்றித் திருப்பிக் கேட்பார்களே.

கால் ஆறியது. இந்த மாதத் தொடரோட்டத்தில் நான் வேகமானவள் அல்ல, நான்காவது. ஆனால் கடைசிக் கிலோமீட்டரில் மூச்சு மீதமிருந்தது. முன்பெல்லாம் பட்டையை மாட்டிவிட்டு விழுந்துவிடுவேன். இந்தத் தடவை நின்றபடி மிசாகி ஓடுவதைப் பார்த்தேன்.

மார்ச்சில் பள்ளி முடிகிறது. ஒரு கம்பெனி அணி ஏப்ரல் முதல் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. என்னை என்றால் உன்னை. தெரியும்.

ஜெ.


கப்செரோன்
15 பிப்ரவரி 1999

ஜெரோப்,

நேற்று நைரோபியில் தேசியத் தேர்வு. இளையோர் பிரிவில் நான்காவது வந்தேன். ஆறு பேர் உலக கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு ஐரோப்பா போகிறார்கள். மார்ச் 22 விமானம். இளையோர் பிரிவில் எனக்கு இதுதான் கடைசி வருடம்.

இன்று காலை அங்கேயே பாஸ்போர்ட் அலுவலகம் போனேன். எழுத்தர் புத்தகத்தைப் புரட்டி, "இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு குடுத்தாச்சே. நீ இப்ப ஜப்பான்ல இல்ல இருக்க?" என்றார். இல்லை, உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே அழைத்துப் போனார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அங்கே இருப்பவள் தானே எழுதிக்கொடுத்து அந்தப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தால், இதை ஒரு குடும்பத்தின் முட்டாள்தனம் என்று முடித்துவிடலாம் என்றார்.

ராத்திரி வீடு திரும்பினால் அப்பாவிடம் வேறு யோசனை இருந்தது. ஜெரோப் பெயரில் புதுக் காகிதம் வாங்கித் தருகிறாராம், நான் அதில் போக வேண்டுமாம். "அவ உன் பேர்ல அங்க, நீ அவ பேர்ல இங்க. சரியாப் போச்சுல்ல?" என்றார். பெரிய நியாயம் பேசிவிட்ட முகம் அவருக்கு.

நான் மாட்டேன் என்றேன்.

உன் பள்ளியில் உண்மையைச் சொல். உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். தொலைபேசி வேண்டாம், உன் பக்கத்தில் ஆள் நிற்பார்கள். யோசித்து எழுது, ஆனால் சீக்கிரம் எழுது.

ஜெப்தும்


ஷிமானே
27 பிப்ரவரி 1999

ஜெப்தும்,

அப்பா சொன்னபடி செய்யேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். என் பெயர் சும்மாதான் கிடக்கிறது, மூன்று வருடமாக யாரும் தொடவில்லை. எடுத்துக்கொள். மூன்று வாரம்தானே, போய் ஓடிவிட்டு வா.

நான் சொன்னால் நான் மட்டும் போகமாட்டேன். மிசாகியின் பதக்கமும் போகும். எல்லாருடையதும் திரும்பப் போகும். கம்பெனியிடம் ஒகுமுரா ஐயா தன் வாயால் பேசி வாங்கித் தந்த இடம் அது. ஊருக்குத் திரும்பி வந்து நான் யாராக இருப்பேன்? இத்தனை வருடம் ஜெரோப் எங்கேயும் ஒரு ஓட்டமும் ஓடவில்லை. ஒரு தாளிலும் அவள் இல்லை.

எனக்குத் தைரியமில்லை. மன்னித்துவிடு.

ஜெ.


கப்செரோன்
10 மார்ச் 1999

ஜெரோப்,

உன் கடிதம் வந்தது.

உன் பெயரில் போகமாட்டேன் என்று அணி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். ஏழாவதாக வந்த பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பெண், அழுதுகொண்டே நன்றி சொன்னாள். இது உன் கைக்கு வரும்போது விமானம் போயிருக்கும். எனவே உன்னிடம் எதுவும் கேட்டு இதை எழுதவில்லை.

ஒரு தாளிலும் ஜெரோப் இல்லை என்று எழுதியிருக்கிறாய். தப்பு. எல்டொரெட்டில் பதினைந்தாம் எண்ணில் இருக்கிறாள். 224, 221. அதற்குப் பிறகு ஒரு கட்டம் காலி. நான் இப்போது அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் ஓடியிருந்தால் அந்தக் காலிக் கட்டத்தில் என் மூச்சைக் கொண்டுபோய் எழுதியதாகும். என் ஐந்து வருடம் உன்னுடையதாகும். அப்புறம் நான் என்ன சிக்கனம் கற்றேன், கற்றது யார்?

இரண்டு நாள் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருடம் என்று அழுதேன். பிறகு அடுத்த ஜனவரியில் நான்காம் அளவு இருக்கிறது என்று நினைவு வந்தது. இளையோர் என்ற கதவை அவர்கள் பத்தொன்பதில் மூடிக்கொள்கிறார்கள். என் கால்கள் இப்போதுதான் வேலையைக் கற்று முடிக்கப் போகின்றன. பெரியவர்கள் பிரிவில் வயது கேட்கமாட்டார்கள், பெயர் மட்டும் கேட்பார்கள். எப்படியாவது அதைத் திரும்ப வாங்குவேன், நீ உதவினாலும் உதவாவிட்டாலும்.

இன்று விளிம்பு வரை போய்த் திரும்பினேன், இருபத்திரண்டு கிலோமீட்டர்.

சாப்பிடு.

ஜெப்தும் தப்சுபெய்


ஷிமானே
24 மார்ச் 1999

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. நாட்காட்டியைப் பார்த்தேன். விமானம் முந்தின நாளே போய்விட்டது. இனிச் சொல்லி உனக்கு இந்த ஓட்டம் கிடைக்காது, எனக்குக் கம்பெனி மட்டும் போகும் என்று தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மணி நேரம் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஒகுமுரா ஐயாவின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு மகரந்தக் காலம், முகமூடி போட்டிருந்தார், முகம் தெரியவில்லை. பிறகு பதக்கங்களைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் சொன்னார், எல்லாம் திரும்பப் போகும். கம்பெனிக்கு அவரே எழுதுவார். மிசாகியிடம் நானே சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று காலையும் பேசவில்லை. அவள் பேசாதது நியாயம்.

கடைசியில் அவர் அந்த எடை நோட்டை எடுத்தார். மூன்று வருட நோட்டு. அட்டையில் இருந்த உன் பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். "இத்தனை நாள் சோறு தின்னது யாரு, எழுது" என்றார்.

ஜெரோப் தபுதானி என்று எழுதினேன். எழுத்து கோணிப்போனது. எழுதி முடித்துத் தலை நிமிர்ந்ததும் தும்மினேன். மூன்று வசந்தமாக இந்த ஊரில் ஒரு தடவைகூடத் தும்மாதவள் நான். அவர், "உனக்கும் வந்துடுச்சா" என்று மேசையிலிருந்து ஒரு முகமூடி எடுத்துக் கொடுத்தார். நான் சிரித்ததைப் பார்த்துப் பயந்துவிட்டார் பாவம்.

பாஸ்போர்ட்டை நாளை டோக்கியோவில் தூதரகத்தில் கொடுக்கிறேன். ஊர் திரும்ப ஒரு தாள் தருவார்களாம். ஏப்ரல் பாதியில் வருவேன், மழை தொடங்கியிருக்கும். பேருந்துக்கு வர வேண்டாம், அந்த நேரம் உனக்கு ஓட்டம் இருக்கும். அத்தியேனோ அம்மாவிடம் மட்டும் சொல்லிவை, பதினைந்தாம் எண்ணின் காலிக் கட்டத்துக்கு ஆள் வருகிறது. எடை ஐம்பத்திரண்டு.

ஜெரோப் தபுதானி
(உறையைப் பார், வெளியேயும்)